'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டை எடுக்கறீங்களா? ஒரு நிமிஷம்... இதைப் படிச்சிடுங்க!

பிஸ்கட், பிரெட், பாஸ்தானு ஆரம்பிச்சு பீர் வரைக்கும் இப்போ எல்லாத்துலயும் 'குளூட்டன் ஃப்ரீ' வந்துடுச்சு. டென்னிஸ் வீரர் ஜோகோவிச், குளூட்டனைக் கைவிட்ட கதையை 2013-ல் புத்தகமாகவே எழுதினார். ரீல்ஸைத் திறந்தா, 'கோதுமையை நிறுத்தினேன், வெயிட் குறைஞ்சது'னு யாராவது சொல்லிட்டே இருக்காங்க. அப்போ நாமளும் மாறிடலாமா?

குளூட்டன்னா என்ன?

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரியுதே, அந்த இழுவைக்குக் காரணம் இதுதான். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைக் குடும்பம்தான்.

யாருக்கு ஆகாது?

'சீலியாக்' நோய் உள்ளவர்களுக்கு. குளூட்டன் உள்ளே போனால், அவர்களின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சாப்பிடும் சத்து உடம்பில் சேராது. வயிற்றுப்போக்கு, உப்புசம், எடைக்குறைவு, மாத்திரை போட்டும் சரியாகாத ரத்தச்சோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு எனப் பல முகங்கள் இதற்கு உண்டு. உலக அளவில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் சிகிச்சை. கோதுமை அலர்ஜி என்பது வேறு பிரச்னை; அவர்களும் கோதுமையைத் தொடக்கூடாது.

முதலில் டெஸ்ட்... அப்புறம்தான் டயட்!

பலர் தப்பு பண்ற இடம் இதுதான். சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திடாதீங்க. ரத்தப் பரிசோதனையில் சீலியாக் தெரியணும்னா, நீங்க குளூட்டன் சாப்பிட்டுட்டு இருக்கணும். முன்னாடியே நிறுத்திட்டா, நோய் இருந்தும் 'இல்லை'னு ரிசல்ட் வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்க. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்துவார்கள்.

வெயிட் குறையுமா?

லேபிளைப் பார்த்து நம்பிடாதீங்க. குளூட்டன் இல்லாத பிஸ்கட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். கோதுமைக்குப் பதிலா அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச் சேர்ப்பதால், பல தயாரிப்புகளில் நார்ச்சத்தும் குறைவு. பாக்கெட் உணவைக் குறைச்சதால வெயிட் குறைஞ்சிருந்தா, அந்தப் பெருமை குளூட்டனுக்குப் போகாது!

இட்லிக்கு லேபிள் வேண்டாம்

இட்லி, பொங்கல், இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சுண்டல்... இதில் எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ஆனால், சீலியாக் உள்ளவர்கள் சில இடங்களில் உஷாராக இருக்கணும்.

* பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். சாம்பார் வழியா உள்ளே வந்துடும்.

* மாவு மில்: கோதுமை அரைச்ச அதே மெஷின்ல கேழ்வரகு அரைச்சா, ரெண்டும் கலந்துடும். வீட்டிலேயே அரைப்பது நல்லது.

* பானங்கள்: மால்ட் பானங்கள், பார்லித் தண்ணீர், வழக்கமான பீர் எல்லாம் பார்லியிலிருந்து வருபவை.

* சோயா சாஸ்: வழக்கமான தயாரிப்பில் கோதுமையும் உண்டு. கோபி மஞ்சூரியன் பிரியர்கள் கவனிக்க!

* ஓட்ஸ்: தயாரிப்பின்போது கோதுமை கலந்துவிட வாய்ப்பு அதிகம். லேபிள் உள்ளதையே வாங்கணும்.

பாக்கெட்டில் எதைப் பார்க்கணும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' எனப் போடக்கூடாது. பின்பக்கம் அலர்ஜி எச்சரிக்கையில் கோதுமை, பார்லி பெயர்கள் இருக்கானும் பாருங்க.

நமக்கு அந்த லேபிள் ஒரு டிரெண்டா இருக்கலாம். சீலியாக் உள்ளவருக்கு, அதை நம்பித்தான் அன்னிக்கு சாப்பாடே. அடுத்த முறை விருந்துல ஒருத்தர் பூரி வேண்டாம்னு சொன்னா, 'ஒரு வாய்தானே... ஒண்ணும் ஆகாது'னு வற்புறுத்தாதீங்க. அந்த ஒரு வாயே அவங்களுக்கு ஆகாது!