பனி நாட்டில் ஒரு மாட்டுக்கொட்டில்



வைக்கோல் போர் அடிமட்டத்துக்கு வந்து, மழையும் தள்ளிப்போனால் நமக்கு வயிற்றைக் கலக்குமல்லவா? வருஷத்தில் பாதிக்கு மேல் மாட்டை வெளியே விடவே வழியில்லாமல், கொட்டிலிலேயே கட்டித் தீனி போட்ட குடியானவர்களின் ஊரை இன்று பார்ப்போம்.

பூமியின் வடகோடியில் இருக்கிறது கிரீன்லாந்துத் தீவு. பெரும்பகுதி பனிக்கட்டிதான். தெற்கே, மலைகளுக்கு நடுவில் கடல் நீளமாக உள்ளே நுழைந்திருக்கிறது. அந்தக் கடற்கழிகளின் ஓரத்தில் மட்டும் நல்ல புல் முளைக்கிறது. ஏறக்குறைய 985-ல் ஐஸ்லாந்திலிருந்து ‘சிவப்பு எரிக்’ என்பவர் நார்ஸ் மக்களை அங்கே குடியேற்றினார். வைக்கிங் என்றால் கடற்கொள்ளைக்காரர் என்றுதான் பேர். ஆனால் இங்கே வந்தவர்கள் மாடும் ஆடும் கப்பலில் ஏற்றி வந்த விவசாயிகள். ‘பசுமை நாடு’ என்று பேர் வைத்தால்தான் ஜனங்கள் வருவார்கள் என்று எரிக் கணக்குப் போட்டாராம். மனை விற்கிறவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் பாருங்கள்! 25 கப்பல்கள் புறப்பட்டு, 14 மட்டுமே போய்ச் சேர்ந்ததாகப் பழைய ஏடுகள் சொல்கின்றன.

எரிக்கின் பண்ணை இருந்த ஊருக்கு இப்போது கசியார்சுக் என்று பெயர். படகில் போய் இறங்கினால் கரையிலேயே பழைய கல் சுவர்களின் அடித்தளம் தெரியும். பக்கத்தில் அந்தக் காலத்து வீட்டையும் சின்னக் கோயிலையும் அதே மாதிரி திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாம். சுவரெல்லாம் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகள். குளிர் உள்ளே வராமலிருக்க அத்தனை தடிமன்.

அடுத்த கழியில் இகாலிக்கு. அங்கேதான் பாதிரியார்களுக்குத் தலைவரான பிஷப்பின் பண்ணை இருந்தது. சுமார் நூறு மாடு கட்டக்கூடிய கொட்டில்களின் மிச்சம் இன்னும் கிடக்கிறது. நூறு மாட்டுக்குப் பாதி வருஷத்துத் தீனி என்றால் எவ்வளவு புல் அறுத்து உலர்த்த வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகப் புல்வெளிக்கு எருப்போட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீரும் பாய்ச்சியிருக்கிறார்கள் என்று மண்ணை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்படியும் நிலைக்கவில்லை. குளிர் கூடிக்கொண்டே போனது. ஐரோப்பாவுக்கு விற்றுவந்த கடல்யானைத் தந்தத்துக்கும் கிராக்கி குறைந்தது. புதைந்த எலும்புகளைச் சோதித்ததில், போகப்போக அவர்கள் சீல் என்ற கடல்நாய் இறைச்சியையே அதிகம் தின்றது தெரிகிறது. வடக்கே இன்னொரு குடியிருப்பில், ஒரு பண்ணை வீட்டின் கடைசி மண்ணடுக்கில் மாட்டுக் கால் எலும்புகளும், கத்தி பட்ட வேட்டைநாய் எலும்புகளும் கிடைத்தன. மாட்டை அடித்துத் தின்று, பிறகு நாயையும் தின்றார்கள் என்பது சில ஆய்வாளர்களின் முடிவு. வேட்டைக்கு உதவும் நாயைக் கொல்கிறவனுக்கு வேறு என்ன மிஞ்சியிருக்கும்?

அந்த மக்களைப் பற்றி ஏட்டில் இருக்கும் கடைசிச் செய்தி 1408-ல் குவால்சே மாதா கோயிலில் நடந்த ஒரு கல்யாணம். அந்தக் கோயிலின் கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

நிலம் சும்மா கிடந்துவிடவில்லை. 1783-ல் ஒரு நார்வேக்காரரும் அவருடைய இனுயிட் மனைவியும் இகாலிக்குவில் மாடு, ஆடு வளர்க்க ஆரம்பித்தார்கள். கசியார்சுக்கில் 1924-ல் செம்மறிப் பண்ணை வந்தது. 2017-ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. கோடையில் போனால், பழைய சுவர்களுக்குப் பக்கத்து வயலிலேயே புல் அறுத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி உருளை உருளையாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். செம்மறிகளுக்குக் குளிர்காலத் தீனி அது.