குருதிக் குழாய்களும் தமிழ்க் கலைச்சொற்களும்

குருதி உடலெங்கும் சுழன்று வருவதை வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை மல்பீகி 1661-இல் கண்டார். இத்தகைய அறிவைத் தமிழில் நூலாக்கிய முன்னோடி, 1847-இல் யாழ்ப்பாணம் போந்து மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். மனுஷ அங்காதிபாதம் (1872), மனுஷ சுகரணம் (1883) என்பன அவர்தம் பெரும்பணிகள்.

சிறு தமனிகளின் சுவர்த்தசை, நரம்பின் ஏவலாற் சுருங்கியும் விரிந்தும் உறுப்புகளுக்கு வேண்டும் குருதியை அளந்து விடுகிறது. நெடுநேரம் நிற்பவர்க்குக் காற்சிரைகளிற் குருதி தேங்க முற்படும். அப்போது இக்குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைக் காக்கும். கெண்டைக்கால் தசை அசையுந்தோறும் சிரைகளின் தடுக்கிதழ்கள் குருதியைக் கீழிறங்க விடாமல் மேற்செலுத்தும். பிள்ளைப்பாக்கத் தொழிற்பேட்டையில் நின்றே உழைப்பார்க்கு இவ்வறிவு பெரிதும் வேண்டற்பாலது.

ஆயின், ஈழத்துப் பாடநூல்கள் நாடி, நாளம் என வழங்குவனவற்றைத் தமிழகத்து நூல்கள் தமனி, சிரை என்கின்றன. மக்கள் வழக்கிலோ நாடி என்பது துடிப்பையே குறிக்கும். ஒரு மொழிக்குள் வழக்கு இவ்வாறு பிரிந்து நிற்பின் கற்பார் மயங்குவர். இருவழக்கையும் ஒருங்கு காட்டும் சொற்றொகுதியே கிறீன் தொடங்கிய பணியை உழைப்பார் வரை கொண்டு சேர்க்கும் என்பது எம் துணிபு.