தேடுபொறித் தரவரிசை: கடலூர், சிதம்பரம் தேடல்கள்

ஒருவர் தேடும் சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களில் எது முதலில், எது பின்னால் என்று கூகுள், பிங் போன்ற தேடுபொறிகள் முடிவு செய்யும் முறை தேடுபொறித் தரவரிசை எனப்படுகிறது. ஒரே குறிச்சொல்லைப் பல தளங்கள் குறிவைக்கும்போது அந்த வரிசை வியாபாரமாகிறது. சில நேரம் வழக்காகவும் ஆகிறது. கடலூர் மாவட்டத்துத் தேடல்கள் இதைப் புரிந்துகொள்ள வசதியானவை. இங்கே போட்டியிடும் தளங்கள் குறைவு, அவை சொல்லும் செய்தியும் பெரும்பாலும் ஒன்றே. அதனால் எழுத்துக்கு வெளியே உள்ள காரணங்கள் வரிசையை எப்படி மாற்றுகின்றன என்பது எளிதில் தெரிந்துவிடும்.

எந்தச் சிதம்பரம்?

தேடுபொறிக்கு முதல் சிக்கல் பொருள் மயக்கம். சிதம்பரம் ஓர் ஊர். பேச்சு வழக்கில் நடராசர் கோயிலே அதுதான். முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரமும் உண்டு, சேப்பாக்கத்தில் எம்.ஏ. சிதம்பரம் மைதானம், ஜி. அரவிந்தன் இயக்கி 1985-இல் வந்த மலையாளப் படத்துக்கும் அதே பெயர். 'சிதம்பரம் டிக்கெட்' என்று ஒருவர் தட்டினால் அவருக்கு வேண்டியது ரயிலா, கிரிக்கெட்டா? உடன் வரும் சொல், தேடுபவர் இருக்கும் ஊர், அந்த வாரத்துச் செய்தி ஆகியவற்றை வைத்துப் பொறி ஊகிக்கிறது. 2012-இல் கூகுள் அறிமுகப்படுத்திய அறிவு வரைபடம், ஊரையும் ஆளையும் மைதானத்தையும் தனித்தனிப் பொருள்களாகப் பதிந்துவைக்க வந்தது.

கடலூரின் சிக்கல் நேர் எதிரானது. அங்கே ஒரே ஊருக்குப் பல பெயர்கள். உள்ளூர்க்காரர்கள் ஓ.டி., என்.டி. என்பார்கள், பெயர்ப்பலகையில் முதுநகர், புதுநகர் என்று இருக்கும், ரயில் அட்டவணையில் கடலூர் துறைமுகம் சந்திப்பும் திருப்பாதிரிப்புலியூரும் இருக்கும். ஆங்கில எழுத்தில் கொஞ்சம் பிசகினால் நீலகிரிக் கூடலூர் வந்து நிற்கும்.

சொற்களை எடைபோடுதல்

பக்கத்தில் குறிச்சொல் எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணினால் போதாது. எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு எடை அதிகம் என்ற கணக்கை 1972-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். சிதம்பரத்தைப் பற்றிய பக்கங்களுக்குள் 'கோயில்' என்ற சொல்லால் பெரிய பயன் இல்லை. 'நடை திறக்கும் நேரம்' என்பதுதான் பக்கங்களைப் பிரித்துக் காட்டும். தமிழில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. சிதம்பரம், சிதம்பரத்தில், சிதம்பரத்துக்கு எல்லாம் ஒன்றே என்று பொறிக்குத் தெரிய வேண்டும். சொற்றொடர்ப் பொருளை உணரும் பெர்ட் என்ற மொழி மாதிரியை ஆங்கிலத் தேடலுக்குக் கொண்டுவந்த கூகுள், 2019 டிசம்பரில் தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதை விரித்தது.

குறிச்சொல்லைத் திணித்தால் மேலே போகலாம் என்ற பழைய உத்தி இன்றும் கைவிடப்படவில்லை. நடை திறக்கும் நேரம் கேட்டவருக்கு முதலில் தலபுராணம், அடுத்து சிதம்பர ரகசியம், பிறகு போகும் வழி, எல்லாம் முடிந்து கடைசியில் நேரம் என்று நீளும் பக்கங்கள் அதன் மிச்சம். 2011-இல் கூகுள் கொண்டுவந்த பாண்டா மாற்றம் இத்தகைய சாரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012-இன் பெங்குவின், திணிப்பையும் விலைக்கு வாங்கிய இணைப்புகளையும் குறிவைத்தது.

இணைப்பின் செல்வாக்கு

சொற்கள் சமமாக இருக்கும்போது பேசுவது இணைப்பு. லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு மற்றொரு பக்கம் தரும் இணைப்பு ஒரு வாக்கு; வாக்களிக்கும் பக்கத்துக்கே செல்வாக்கு இருந்தால் அந்த வாக்குக்கு மதிப்பு கூடும். 1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் பிற பல்கலைக்கழகங்கள், ஆய்விதழ்கள், அரசுத் துறைகள் எனப் பல திசைகளிலிருந்து இணைப்பு வருகிறது. நேற்று முளைத்த பயிற்சி மையத் தளம் அதே சொற்களை எழுதி அதை முந்த முடியாது.

ஆனால் 'அண்ணாமலைப் பல்கலைக்கழகம்' என்பதை விட்டு, 'தொலைநிலைக் கல்வித் தேர்வு முடிவு எப்போது வரும்' என்று ஒரு மாணவர் கேட்கும் மொழியிலேயே தேடினால், அத்தகைய பயிற்சி மையத் தளம் மேலே வர வாய்ப்புண்டு. அந்தக் கேள்வியை அப்படியே தலைப்பாக வைத்து எழுதுவது அவர்கள்தான். பல்கலைக்கழக, அரசு அலுவலகங்களோ சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய எழுத்துரு முறைகளில் அடித்த கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் பொறிக்கு அவை பொருளற்ற குறிகளே. தகவல் கைவசம் உள்ளவர் பின்தங்குவதற்கு இந்த அலட்சியமே பெரிய காரணம்.

சிதம்பரம் கோயில் விஷயத்தில் நிலைமை வேறு. உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்படி கோயில் நிர்வாகம் அதன் பரம்பரை அர்ச்சகர்களான பொது தீட்சிதர்களிடம் இருக்கிறது, அரசின் அறநிலையத் துறையிடம் இல்லை. அதனால் மற்ற பெரிய கோயில்களுக்கு இருப்பதுபோல் அரசு முகவரியில் ஒரு தளம் இங்கே முன்னே நிற்பதில்லை. பூசைக்குப் பதிவு செய்யும் தளங்கள், பயண நிறுவனங்கள், ஆன்மிக இதழ்கள் எல்லாம் அந்த இடத்துக்கு மோதுகின்றன.

தூரமும் நேரமும்

'சிதம்பரம் லாட்ஜ்' என்று தேடினால் வரைபடத்தோடு ஒரு பெட்டி வருகிறது. அதற்குத் தனிக் கணக்கு: பொருத்தம், தூரம், எவ்வளவு பெயர் பெற்ற இடம் என்ற மூன்று அளவுகோல்களைக் கூகுளே வெளியிட்டிருக்கிறது. கீழ வீதியில் நிற்பவருக்கு வரும் பட்டியலும் அண்ணாமலைநகரில் நிற்பவருக்கு வரும் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கடைப் பெயரோடு 'நடராசர் கோயில் அருகில்' என்று ஒட்டிக்கொள்வது கூகுளின் விதிக்கு முரண். ஆனாலும் இப்படி ஒட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை.

மழைக்காலத்தில் நேரம் முந்துகிறது. புதிய பக்கங்களுக்கு முன்னுரிமை தரும் மாற்றத்தைக் கூகுள் அறிவித்தது 2011 நவம்பரில். தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது அதே ஆண்டு டிசம்பர் 30-இல். 'கடலூர் புயல்' என்ற தேடலுக்கு வானம் தெளிந்த நாளில் தானேயின் வரலாறு வரலாம். காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் அன்றைய செய்தி மேலேறும். 'கடலூர் பள்ளி விடுமுறை' என்பதற்கு ஆட்சியரின் ஒரே அறிவிப்பைப் பல செய்தித் தளங்கள் நிமிட இடைவெளியில் வெளியிடுகின்றன. ஒரே வாசகம் பல இடங்களில் இருந்தால் பொறி அவற்றைத் தொகுத்து ஒன்றை முன்னிறுத்தும். போன ஆண்டு விடுமுறைச் செய்தி தப்பித் தவறி வந்துவிடுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு அதில் வருத்தமில்லை.

விளம்பரமும் வழக்கும்

இந்த வரிசைக்கு மேலே, காசு கொடுத்து வாங்கும் இடமும் உண்டு. அங்கே குறிச்சொல்லே ஏலப் பொருள். பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம், அப்போதைய பெயர் கான்சிம் இன்ஃபோ, தன் வணிகக் குறிகளைப் போட்டித் தளங்கள் விளம்பரக் குறிச்சொற்களாகப் பயன்படுத்துவதை எதிர்த்துக் கூகுள் மீதும் அந்தத் தளங்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொதுச் சொற்கள் என்ற வாதம் அதில் முக்கியமாக எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்தது. அதே நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களின் பேரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குறிச்சொல் விளம்பர முறையில் மட்டும் ஆணையம் குற்றம் காணவில்லை.