பெறுபேற்றுத் தாளும் வரவு இடாப்பும்

எமது பாடசாலை மண்டபத்துச் சுவரில் தொங்கும் மரப்பலகைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல்கலைக்கழகம் புகுந்தோரின் பெயர்கள் ஆண்டு வாரியாக அவற்றில் பொன்னெழுத்தில் உள்ளன. இம்மலருக்குப் பாடசாலைப் பரீட்சைகளின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்கப்பட்டபோது, அந்தப் பலகைகளிலிருந்தே தொடங்க எண்ணினோம். ஆனால் அலுமாரியில் இருந்த பழைய வரவு இடாப்புகளையும் எடுத்துப் பார்த்தோம். பலகையில் ஓர் ஆண்டுக்கு நாலைந்து பெயர்கள். அதே வகுப்பின் இடாப்பிலோ நாற்பதுக்கு மேல். மற்றப் பிள்ளைகளைப் பற்றிப் பரீட்சைகள் என்ன சொல்கின்றன என்ற கேள்வியுடன்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பாடசாலைகளைப் பரீட்சையால் அளப்பது இந்நாட்டில் எமது பாடசாலையை விடப் பழைய வழக்கம். 1869 இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதனையடுத்து உதவி பெறும் பாடசாலைகளுக்கான அரசாங்கப் பணம் பிள்ளைகளின் பெறுபேற்றுக்கு ஏற்ப வழங்கப்பட்டது. வித்தியாதரிசி வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் சித்தியடைந்தார்களோ அதைப் பொறுத்தே உதவிப்பணம். இங்கிலாந்தில் 1862 இல் வந்த ஏற்பாட்டையே இங்கும் கொண்டுவந்தார்கள். அரசாங்கப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் வித்தியாதரிசி எதைக் கேட்பாரோ அதையே படிப்பிக்கும் பழக்கமும், தேறாத பிள்ளையைப் பாரமாக எண்ணும் மனமும் அந்த முறையுடன் சேர்ந்தே வந்தன. முறை போய்விட்டது, அந்த மனம் போகவில்லை.

1880 இல் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. பின்னர் லண்டன் மெற்றிக்குலேஷனும் வந்தது. வினாத்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும். எமது மூத்த அக்காமாரில் சிலர் அப்பரீட்சைகளை எழுதியவர்கள். ஆனால் அவை கட்டணம் செலுத்தி ஆங்கிலத்தில் படிக்கக்கூடிய சிலருக்கே உரியவை. தாய்மொழிப் பாடசாலைக்குப் போன பிள்ளைக்கு அந்தப் பரீட்சை மண்டபத்தின் வாசல்கூடத் தெரியாது.

அந்த வாசலை அகலத் திறந்தது இலவசக் கல்வி. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலும் அக்காலத்துப் பிள்ளைதான். கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்களுக்குத் தெரிவதற்காக அது தொடங்கப்பட்டது. இன்று பத்து வயதுப் பிள்ளைகள் பின்னேரங்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ரியூசனுக்கு ஓடுவதைப் பார்க்கும்போது, அந்த முதல் நோக்கத்தை யார் நினைக்கிறார்கள்?

பின்பு தாய்மொழியில் படித்துத் தாய்மொழியிலேயே பரீட்சை எழுதும் தலைமுறை வந்தது. செட்டியார் தெருவில் நகைவேலை செய்தவரின் மகளும் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவரின் மகளும் ஒரே வாங்கில் இருந்து உயர்தர விஞ்ஞானம் படித்தார்கள். நன்றாகப் படித்தால் இடம் கிடைக்கும் என்று ஆசிரியைகள் சொன்னார்கள், நாமும் நம்பினோம்.

1971 இல் அந்த நம்பிக்கை உடைந்தது. அவ்வாண்டு மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர்கள் 400 இற்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவர்களுக்கு 229 போதுமானதாக இருந்தது. எம்மில் மூத்தவர்கள் அந்த 21 புள்ளிகளை இன்றும் மறக்கவில்லை. மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 அனுமதியிலிருந்து மாவட்ட ஒதுக்கீடும் அதைத் தொடர்ந்தன. மாவட்ட ஒதுக்கீட்டினால் கொழும்பும் யாழ்ப்பாணமும் இழந்தன. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அது வழிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இடையில் வேறொரு குழப்பமும் வந்தது. சாதாரண தரத்தை நீக்கி 1975 இல் புதிய தேசியச் சான்றிதழ்ப் பரீட்சையை வைத்தார்கள். ஆட்சி மாறியதும் சில ஆண்டுகளில் பழைய பரீட்சை திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில் படித்தவர்கள் தம்மைப் 'பரிசோதனை எலிகள்' என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாவட்ட ஒதுக்கீடு வெவ்வேறு விகிதங்களில் இன்றும் தொடர்கிறது. இப்போது திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். காகிதத்தில் கொழும்பு வசதியான மாவட்டம். ஆனால் கொட்டாஞ்சேனையில் ஓரறை வீட்டில், தம்பி தங்கைகள் நித்திரையான பிறகு விளக்கைத் தணித்துப் படித்த பிள்ளையும் அந்த மாவட்டத்துக்குள்தான் எண்ணப்பட்டாள். 1983 ஜூலைக்குப் பின் இடாப்புகளில் பல பெயர்கள் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருக்கின்றன. 1995 இடப்பெயர்வுக்குப் பின் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள் ஆண்டின் நடுவிலே கடைசி வரிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. வெட்டுப்புள்ளி இவற்றை அறியாது.

2001 முதல் இசட் புள்ளி வந்தது. கடினமான பாடத்தில் பெற்ற 60 ஐயும் இலகுவான பாடத்தில் பெற்ற 60 ஐயும் சமமாக எண்ணாமல், அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தூரம் நிற்கிறாள் என்று பார்ப்பது அது. நோக்கம் நல்லது. ஆயினும் 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரைச் சேர்த்துக் கணித்ததால் தவறு நேர்ந்தது. 2012 இல் உயர் நீதிமன்றம் இரண்டையும் வெவ்வேறாகக் கணிக்கும்படி உத்தரவிட்டது. பிள்ளைகள் பாடசாலைக்குப் பதில் சொல்கிறார்கள், பாடசாலை திணைக்களத்துக்குப் பதில் சொல்கிறது. அளப்பவரும் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை அன்று கண்டோம்.

எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சித்தி வீதம் குறையக்கூடாது என்பதற்காகத் தேறமாட்டாத பிள்ளைகளைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக விண்ணப்பிக்கச் சொன்ன ஆண்டுகள் இருந்தன. அப்படிச் சொல்லப்பட்டவர்களில் இருவர் எமது குழுவிலேயே இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவில் நூற்றுக்கு நூறு வீதம் சித்தி என்று வாசிக்கப்பட்டபோது, அவர்கள் பின்வாங்கில் இருந்து கைதட்டினார்கள். கணக்கில் தாங்கள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வித்தியாதரிசி காலத்து மனம் என்று நாம் மேலே சொன்னது இதைத்தான். அந்த ஆண்டுகளில் அதைப் பார்த்தும் பேசாதிருந்த நாமும் அதற்குப் பொறுப்பு.

2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கொழும்பில் போரின் நாட்களிலும் வினாத்தாள் அச்சிட்டவர்கள் நாங்கள்; கடதாசி இல்லாமல் நின்றது அதுவே முதல் தடவை. வெளிநாடுகளில் இருக்கும் எமது கிளைகள் உடனே பணம் அனுப்பின. அப்போது ஓர் இளம் ஆசிரியை எமக்கு எழுதியது நினைவில் நிற்கிறது: பரீட்சை இல்லாத அந்த வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொன்னாராம், பத்தாம் தரத்தில் சிலர் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டாராம். அதுவரை எழுதிய பரீட்சைகளில் அவர்களுக்குப் புள்ளி குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று எவரும் கேட்கவில்லை.

பரீட்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பணமும் செல்வாக்கும் இல்லாத எமது வீடுகளுக்குப் பரீட்சையைத் தவிர வேறு ஏணி இருந்ததில்லை. அந்த ஏணியில் ஏறித்தான் எம்மில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கிறோம். நாம் கேட்பது ஒன்றே. சித்தி வீதத்தை வாசிக்கும் அதே மேடையில், ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினோராம் தரம் வரை வந்தார்கள், எத்தனை பேர் பரீட்சைக்கு அமர்ந்தார்கள் என்பதையும் ஆண்டுதோறும் வாசிக்க வேண்டும். அந்தக் கணக்குக்கான விபரம் இடாப்பிலேயே இருக்கிறது. அதை எடுத்துத் தரச் சங்கம் ஆயத்தமாக உள்ளது.

பலகையில் பெயர் இல்லாத தோழியரே, உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறது; நாம் பார்த்தோம். நீங்கள் எந்த ஆண்டில், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எமது பாடசாலையின் வரலாறு அந்த வரிகளும் சேர்ந்தால்தான் நிறைவுபெறும்.