கியூவும் வரிசையும்
வலையமைப்பில் அனுப்பிய கோரிக்கைக்கு விடை வரும்வரை காத்திராமல் நிரல் தன் வேலையைத் தொடரும்போது, பின்னர் வந்துசேரும் மறுமொழிகளைத் தாங்கிவைக்கும் அமைப்பு 'கியூ' எனப்படுகிறது. வாலைக் குறித்த இலத்தீன் 'கௌடா' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து, பின்னலிட்ட சடையையும், 19ஆம் நூற்றாண்டில் காத்திருப்போர் நிரையையும் குறித்தது. தமிழின் 'வரிசை' புறநானூற்றின் 121ஆம் பாட்டில் தகுதியறிந்து செய்யும் சிறப்பைச் சுட்டியது. 'சீர்வரிசை' அதன் எச்சம். முதலில் வந்தது முதலில் வெளியேறும் கியூ தகுதியை நோக்குவதில்லை எனினும், ஒழுங்கு என்னும் பொருள் நிலைபெற்றுவிட்டதால் 'மறுமொழி வரிசை' என்பதே பொருந்தும். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள் ஒருசேர அதைத் தொட்டால் மறுமொழி தொலையக்கூடும் என்பதால், ஒரு நேரத்தில் ஓரிழையையே உள்ளே விடும் பூட்டுடன் அமைந்ததை 'இழைக்காப்பு வரிசை' என வழங்குவது தெளிவு தரும்.