தொகுதி நமக்கு, தேர்வு யாருக்கு?

அரசியல் அறிவியல் படிக்கப் போகும் நம்ம பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே வருகிற பாடம் ‘ஒப்பீட்டு அரசியல்’. அரிஸ்டாட்டிலில் தொடங்குவார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் 158 அரசமைப்புகளைத் தொகுத்தார்கள். ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா என்று கேட்டு ஆட்சிகளை வகை பிரித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அந்தப் ‘பலர்’ கணக்கில் அடிமைகள் கிடையாது, பெண்கள் கிடையாது. சிலர் பிறப்பிலேயே அடிமைகள் என்று எழுதி வச்சவரும் அதே அரிஸ்டாட்டில்தான். இதை மட்டும் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து. எழுதப்பட்ட அரசமைப்பு, எழுதப்படாத அரசமைப்பு, ஒற்றையாட்சி, கூட்டாட்சி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துடலாம். சேரியில் நின்று பார்த்தால் இந்த நாடுகள் எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வியும் வராது.

அதற்காக ஒப்பீடே வேண்டாம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அது நமக்கு வேண்டிய கருவி. ‘இதுதான் வழக்கம், வேற வழியே இல்ல’ என்று மேலே இருக்கிறவன் சொல்லும்போது, ‘அங்க வேற மாதிரி இருக்கே’ என்று திருப்பிக் கேட்க வைப்பது ஒப்பீடுதான். ஒரே ஒரு கேள்வியை வைத்து மூன்று நாடுகளைப் பார்ப்போம். ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

முதலில் நியூசிலாந்து. மண்ணின் மக்களான மாவோரிகளுக்கு 1867இல் ஒரு சட்டத்தின் மூலம் நாடாளுமன்றத்தில் 4 இடங்கள் கொடுத்தார்கள். மாவோரிகள் மட்டுமே ஓட்டுப் போட்டு மாவோரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது தனி வாக்காளர் தொகுதி. இது வெள்ளைக்காரனின் தாராள மனசு இல்லை. அப்போது ஐரோப்பியர்களுக்கு 72 இடங்கள். மக்கள்தொகைப்படி பார்த்தால் மாவோரிகளுக்கு 14 இடங்களுக்குக் குறையாமல் வந்திருக்கவேண்டும். ஐரோப்பியர்களுக்கு 1870இலேயே ரகசிய வாக்குரிமை வந்துவிட்டது. மாவோரிகளுக்கு அது கிடைத்தது 1938 தேர்தலில்தான். அதுவரை யாருக்கு ஓட்டு என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நாலு இடம் நாலாகவே 120 வருசத்துக்கு மேல் கிடந்தது. 1993 சட்டத்துக்குப் பிறகுதான், எத்தனை பேர் மாவோரி வாக்காளர் பட்டியலில் சேருகிறார்களோ அதற்கேற்ப இடங்கள் கூடின. 2002 முதல் 7 இடங்கள். எந்தப் பட்டியலில் சேருவது என்பதை 1975 முதல் மாவோரிகளே முடிவு செய்கிறார்கள். பற்றாக்குறை உண்டு, ஏமாற்று உண்டு. ஆனால் மாவோரிகளின் ஆளை மாவோரிகளே தேர்ந்தெடுத்தார்கள். நூற்றைம்பது வருசம் தாண்டியும் நாடு ரெண்டாக உடையவில்லை.

அடுத்து அமெரிக்கா. நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்று 1870இல் 15ஆவது திருத்தம் வந்தது. தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனை, ஓட்டுவரி, அடிதடி, கொலை என்று அதைச் செல்லாக்காசாக்கினார்கள். மிசிசிப்பியில் 1965க்கு முன் தகுதியுள்ள கறுப்பர்களில் நூற்றுக்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது; 1967க்குள் நூற்றுக்கு 60 பேர் அளவுக்கு ஏறிவிட்டார்கள். ஓட்டு வந்ததும் ஆதிக்கம் வேறு வழி கண்டுபிடித்தது. கறுப்பர் குடியிருப்புகளைத் துண்டு போட்டு வெள்ளையர் பெரும்பான்மைத் தொகுதிகளில் கரைத்தார்கள். ஓட்டு இருக்கும், ஜெயிக்கமுடியாது. இதை எதிர்த்துப் போராடி 1982இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். ‘தாங்கள் விரும்பும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு’ அவர்களுக்கு இருக்கிறதா என்பதே அந்தத் திருத்தம் வைத்த அளவுகோல். கறுப்பர் ஒருவர் ஜெயித்தாரா என்பது மட்டும் போதாது. கறுப்பர்கள் விரும்பியவர் ஜெயிக்கமுடிகிறதா? இந்த வித்தியாசத்தை நம்ம பிள்ளைகள் அடிக்கோடிட்டு வச்சுக்கணும். 1992இல் கறுப்பர் பெரும்பான்மையாக வரும்படி எல்லை வரைந்த பிறகுதான், வட கரோலினாவிலிருந்து 1901க்குப் பின் முதல்முறையாகக் கறுப்பர்கள் காங்கிரசுக்குத் தேர்வானார்கள். அடுத்த வருசமே உச்சநீதிமன்றம் அந்த எல்லைகளைக் கேள்விக்குள்ளாக்கியது.

இப்போது நம்ம கதை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்குத் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. மாகாணச் சட்டசபைகளில் 71 இடங்கள். அதோடு பொதுத்தொகுதியிலும் இன்னொரு ஓட்டு. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. தனி வாக்காளர் தொகுதி போனது. எண்ணிக்கை ஏறியது, தேர்வுரிமை இறங்கியது. மிச்சமாக ஒன்று இருந்தது: முதல் சுற்றில் நம்மவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நாலு பேரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நம்ம ஆளுங்க நாலாவதாக நிறுத்தினவனைச் சாதி இந்துக்கள் முதலாவதாக்கிவிடலாம். 1950 அரசமைப்பில் அந்த முதல் சுற்றும் இல்லாமல் போனது. 1947இலேயே ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியைத் திரும்பவும் கேட்டிருந்தார். கொடுக்கவில்லை. 1952 தேர்தலில் வடக்கு மத்திய பம்பாயில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் அந்த அம்பேத்கரே தோற்றார். தோற்கடித்தவரும் நம்மவர்தான். ஆனால் யாருடைய ஓட்டில்?

இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 நமக்கான தனித்தொகுதிகள். மக்களவையின் 543இல் 84. நிற்பவர் நம்மவர், தொகுதியில் பெரும்பான்மை வாக்காளர்கள் மற்றவர்கள், டிக்கெட் கொடுப்பது கட்சித் தலைமை. ஜெயித்தவர் சேரிக்காக வாயைத் திறந்தால் அடுத்தமுறை அவருக்கு டிக்கெட் நிச்சயமா? தனி ஆட்களைத் துரோகி என்று திட்டித் தீர்ப்பது சுலபம். அந்த ஆளை வாய்மூட வைக்கிற ஏற்பாட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஊராட்சிக்கு வந்தால் இது ரத்தமாகவே தெரியும். 1996இல் ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசனையும் அவரோடு 5 பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. வேட்புமனுவே போடவிடாமல் தடுத்தார்கள், தப்பித்தவறி ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். சட்டத்தில் நாற்காலி இருந்தது. உட்கார விடலை.

ஆக ஒப்பீடு என்ன சொல்கிறது? அமெரிக்க வழி இங்கே அப்படியே ஒத்துவராது. அங்கே கறுப்பர்கள் நகரத்துப் பகுதிகளில் திரளாக ஒதுக்கப்பட்டு வாழ்கிறார்கள்; கோடு வரைந்தால் பெரும்பான்மை கிடைக்கும். நாம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர். ஆனால் ஊருக்கு ஒரு சேரியாகச் சிதறிக்கிடக்கிறோம். எப்படிக் கோடு போட்டாலும் சிறுபான்மைதான். சிதறிக்கிடப்பவர்களுக்குப் பொருந்துவது எல்லைக்கோடு அல்ல, வாக்காளர் பட்டியல். அம்பேத்கர் கேட்டது அதைத்தான். மாவோரிகளிடம் இருப்பதும் அதுதான். நியூசிலாந்து போலவே இங்கும் நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நிலம் அவன் கையில், கூலி அவன் கையில் இருக்கும்போது தனிப் பட்டியல் மட்டும் காப்பாற்றிவிடாது. ஆனால் ‘தனி வாக்காளர் தொகுதி வந்தால் நாடு உடையும்’ என்ற ஒற்றை வரி, வரலாற்றின் முன்னால் நிற்காது.

ஒதுக்கீடு பெருந்தன்மையாகக் கொடுத்த சலுகை என்று பேசுகிறவர்களிடம், ஒதுக்கீட்டை ஒழிக்கணும் என்கிறவர்களிடம், நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: 1932இல் எங்களிடமிருந்து வாங்கியதற்கு ஈடாகத்தானே இதைக் கொடுத்தீர்கள்? இதையும் பிடுங்குவதாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

பரீட்சையில் ‘தேர்தல் முறைகளை ஒப்பிடுக’ என்று கேள்வி வரும். அங்கே எழுதுங்கள் பிள்ளைகளே, இதையும் சேர்த்து.