தூக்குக் கதவும் அதைத் தாங்கும் நிலையும்

நம் ஊர்ப்புறங்களில் வீடு கட்டுவோர் நல்ல நாள் பார்த்து நிலை வைப்பது வழக்கம். சுவர் முழுதும் எழும்புவதற்கு முன்பே, கதவு செய்து முடிவதற்கும் முன்பே, வாயிலுக்குரிய நிலை நடப்பட்டுவிடும். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, தச்சருக்கு வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்து மரியாதை செய்வார்கள். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் சென்று, அங்கேயே மனை வாங்கி வீடு கட்டிய தமிழர்களிடையேயும் இவ்வழக்கம் விட்டுப்போகவில்லை. கதவுக்கு இத்தகைய சடங்கு எதுவும் கிடையாது. கதவை மாற்றலாம், நிலையை எளிதில் மாற்ற இயலாது என்ற பட்டறிவே இதன் அடிப்படை எனலாம்.

இந்தப் பட்டறிவு இன்று விமானக் கொட்டகைகளிலும் பெருந்தொழிற்சாலைகளிலும் நாம் காணும் மாபெரும் தூக்குக் கதவுகளுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துவது. நீரழுத்த விசையால் ஒரே பலகையாக மேலெழும்பும் இக்கதவுகளைக் காண்போர், கதவின் அளவைக் கண்டு வியப்பர். அதை உயர்த்தும் உருளைகளின் ஆற்றலைக் கண்டும் வியப்பர். இவையிரண்டையும் தாங்கி நிற்கும் எஃகு நிலையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இக்கதவுகளின் வரலாற்றை ஆராய்ந்தால், அது பெரும்பாலும் அந்த நிலையின் வரலாறே என்பது புலனாகும்.

பழங்காலத்துப் பெருங்கதவுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் திறப்பவை. நம் கோயில்களின் கோபுர வாயில்களில் உள்ள கதவுகளுக்கு மேலும் கீழும் குடுமிகள் உண்டு. கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் அமர்ந்து சுழலும். கதவின் பாரம் முழுவதும் அக்குழியின் வழியே நிலத்தில் இறங்கிவிடும். மேல்விட்டத்தின் வேலை, கதவு சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. ஆகவே மேலே ஒரு கல் விட்டமும், இருபுறமும் இரு கல் தூண்களும் போதுமானவையாக இருந்தன. பாரத்தை நிலம் தாங்கும் வரையில் நிலைக்குக் கவலை இல்லை.

கதவை மேல்நோக்கித் தூக்க வேண்டும் என்று மனிதன் விரும்பியபோதுதான் இந்த நிம்மதி குலைந்தது. தூக்கிய கதவு நிலத்தைத் தொடுவதில்லை. அதன் பாரம் முழுவதையும் ஏற்க நிலையைத் தவிர வேறு துணை இல்லை.

பெரும் பாரத்தைத் தூக்குவதற்கான விசை எங்கிருந்து கிடைத்தது? பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் குறைவின்றி எல்லாப் பக்கமும் பரவும் என்னும் உண்மையை விளக்கினார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-ல் வெளிவந்தது. 1 சதுர அங்குலப் பரப்புள்ள சிறு தண்டை 10 ராத்தல் விசையுடன் அழுத்தினால், அதனோடு இணைந்த 100 சதுர அங்குலத் தண்டு 1,000 ராத்தலைத் தூக்கும். ஆனால் சிறு தண்டு 100 அங்குலம் இறங்கினால்தான் பெருந்தண்டு 1 அங்குலம் ஏறும். இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை அல்லவா?

இந்த உண்மையைப் பயனுள்ள பொறியாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா. பூட்டுச் செய்வதில் பெரும்புகழ் பெற்றிருந்த இவர், 1795-ல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கதவைப் பூட்டுவதில் வல்லவராக இருந்தவரே, பிற்காலத்தில் பெருங்கதவுகளைத் திறக்கப்போகும் விசைக்கும் வித்திட்டார்.

அரை நூற்றாண்டு கழிந்தபின் இப்பொறி ஒரு பெருஞ்சோதனைக்கு உட்பட்டது. வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைக்குக் குறுக்கே ராபர்ட் ஸ்டீவன்சன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டி வந்தார். 1,500 டன் அளவு எடையுள்ள இரும்புக் குழாய்களைக் கரையில் செய்து, மிதவைகளில் ஏற்றிக் கொணர்ந்து, கற்கோபுரங்களின் மேல் பொருத்திய நீரழுத்தப் பொறிகளைக் கொண்டு சங்கிலிகளால் மேலே தூக்குவது என்பது திட்டம். 1847-ல் அவர் அமைத்த டீ ஆற்றுப் பாலம் ரயிலோடு இடிந்து ஐவர் மாண்டிருந்தனர். அந்தத் துயரம் ஆறாத நெஞ்சோடு இருந்தவர், மெனாயில் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். குழாய் சிறிது சிறிதாக உயர உயர, அதன் அடியில் கட்டைகளையும் கட்டுமானத்தையும் கொண்டு உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும் என்பது அது. வேலை தாமதமாகும்; செலவும் கூடும். ஆயினும் அவர் இணங்கவில்லை.

1849 ஆகஸ்டு 17-ஆம் நாள் பெரிய நீரழுத்தப் பொறியின் உருளை அடிப்பாகம் பிளந்து விழுந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஆனால் தொங்கிக்கொண்டிருந்த குழாயோ, சில அங்குலங்கள் மட்டுமே இறங்கி, கீழே இருந்த முட்டின் மீது அமர்ந்துவிட்டது. அந்த முட்டு இல்லாதிருந்தால் குழாயும் பாலமும் வேலையாட்களும் என்ன ஆகியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. 1850-ல் பாலம் திறக்கப்பட்டது. தூக்கும் விசை வேறு, தாங்கும் உறுப்பு வேறு. முன்னதை நம்பிப் பின்னதைக் கைவிடலாகாது என்பது அன்று ஓர் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடம்.

இதற்கிடையில் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் 1846-ல் நியூகாசில் துறைமுகத்தில் நீர்விசையால் இயங்கும் பாரந்தூக்கியை அமைத்தார். பின்னர்ப் பளுவேற்றிய பெரிய உருளையில் நீரை அழுத்தத்துடன் சேமித்து வைக்கும் முறையையும் வகுத்தார். துறைமுகக் கதவுகளும் திறப்புப் பாலங்களும் இவ்விசையால் இயங்கலாயின. 1894-ல் திறக்கப்பட்ட லண்டன் டவர் பாலத்தின் இரு பலகைகளும் ஒவ்வொன்றும் 1,000 டன்னுக்கு மேற்பட்டவை. அவை மேலெழுந்து கப்பல்களுக்கு வழிவிட்டது நீரழுத்த விசையினாலேயே. 1970-களில் அப்பாலத்தின் பழைய நீராவிப் பொறிகள் ஓய்வு பெற்றன. மின்சாரத்தாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் இயங்கும் பொறிகள் 1976-ல் அவற்றின் இடத்துக்கு வந்தன. எண்ணெய் துருவை உண்டாக்குவதில்லை. உறுப்புகளுக்கு வழவழப்பையும் தருகிறது. இன்று நீரழுத்தக் கதவு என்று நாம் சொன்னாலும், உருளைக்குள் இருப்பது பெரும்பாலும் எண்ணெயே.

நம் நாட்டில் நீரின் பாரத்தையே கொண்டு கதவைத் தூக்கிய பெருமை எம். விசுவேசுவரய்யாவுக்கு உரியது. அவர் வகுத்த தானியங்கி மதகுகள் 1903-ல் புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா அணையில் நிறுவப்பட்டன. நீர்மட்டம் உரிய அளவைக் கடந்தால் மதகுகள் தாமே திறந்துகொள்ளும். வெள்ளம் வடிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். அக்கதவுகளுக்கு நிலையாக அமைந்தது அணையின் கட்டுமானமே.

ஆகாயப் போக்குவரத்து தோன்றியதும் வாயிலின் அளவு எல்லை கடந்தது. பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஆகாயக் கப்பல் விட எண்ணி, 1920-களின் பிற்பகுதியில், அன்று இந்தியாவைச் சேர்ந்திருந்த கராச்சியில் மாபெரும் எஃகுக் கொட்டகை ஒன்றை எழுப்பியது. நீளம் ஏறத்தாழ 850 அடி. உயரம் ஏறத்தாழ 170 அடி. அங்கே வரவேண்டிய ஆர்-101 என்னும் கப்பல், 1930 அக்டோபர் 5-ஆம் நாள் பிரான்சில் போவே நகருக்கு அருகில் விழுந்து எரிந்தது. 48 பேர் மாண்டனர். அத்துடன் பிரிட்டனின் ஆகாயக் கப்பல் திட்டமே கைவிடப்பட்டது. விருந்தாளி வராத வீடாகக் கராச்சிக் கொட்டகை நெடுங்காலம் நின்று, பின்னர்ப் பிரித்தெடுக்கப்பட்டது.

வீடுகளுக்கும் வண்டிக் கொட்டகைகளுக்கும் மேல்நோக்கித் தூக்கும் கதவை 1921-ல் அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் அமைத்தார். அக்கதவு பல துண்டுகளாக மடங்கித் தண்டவாளங்களில் ஏறுவது. 1960-களில் ஃபுளோரிடாவில் சந்திர மண்டல ராக்கெட்டுகளுக்காகக் கட்டிய ஒருங்கிணைப்புக் கட்டடத்தில், தூக்குக் கதவு தன் உச்சத்தை எட்டியது எனலாம். அங்குள்ள நான்கு வாயில்களும் ஒவ்வொன்றும் 456 அடி உயரம். கதவு முழுவதும் திறக்க 45 நிமிடங்கள் ஆகும். இவையெல்லாம் பல பலகைகளாகப் பிரித்துத் தூக்கப்படுபவை. விமானக் கொட்டகைகளில் இக்காலத்தில் பரவிவரும் நீரழுத்தக் கதவோ ஒரே பலகை. மேல்விட்டத்தில் கீல்களால் தொங்கும் அதை, இரு பக்கத் தூண்களிலும் பொருத்திய உருளைகள் வெளிப்புறமாக உந்தி உயர்த்துகின்றன. திறந்தபின் அது வாயிலுக்கு முன்னே பந்தல் போல் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் நிலையின் சோதனை தொடங்குகிறது. 3 டன் எடையும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். கிடையாக நிற்கும்போது அதன் எடை, கீலிலிருந்து 3 மீட்டர் தொலைவில் செயல்படுகிறது. உருளை தள்ளும் கோடோ கீலிலிருந்து 1 மீட்டர் தொலைவில்தான் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், உருளைகள் இரண்டும் சேர்ந்து 9 டன் விசையுடன் தள்ளவேண்டும். அதாவது கதவின் எடையைப் போல் மூன்று மடங்கு. இந்த விசைக்கு எதிர்விசை தூண்களை உட்புறமாகவும் கீழ்நோக்கியும் அழுத்தும். மேலே கீல்களோ விட்டத்தை வெளிப்புறமாக இழுக்கும். இத்தகைய அமைப்பில் விட்டத்தை அழுத்துவதற்கு மாறாக, அதை மேல்நோக்கிப் பெயர்க்கவும் கதவு முயலும். பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்குவதற்கென்றே அமைந்த பழைய விட்டம் இதற்கு என் செய்யும்? அது வளையும், அதனோடு சுவரும் கூரையும் இழுபடும். ஆகையால், கட்டடத்தைச் சாராமல், தனக்கென்று ஆழமான அடித்தளத்துடன் தனியே நிற்கும் எஃகு நிலை தேவையாயிற்று. அதன் மேல்விட்டம், உயரத்தில் மட்டுமின்றிக் கிடைவாட்டத்திலும் வலுப்பெறும்படி, பின்னல் சட்டமாக அமைக்கப்படுகிறது.

இதனினும் பெரிய பகை காற்று. 20 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள கதவின் பரப்பு 120 சதுர மீட்டர். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் அழுத்தம் தரும். ஆகவே கதவின் மீது விழுவது ஏறத்தாழ 12 டன். நம் நாட்டின் கட்டடப் பாரங்களுக்கான தர விதி முதன்முதலில் 1957-ல் வெளிவந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. கணக்கிடுவதற்குரிய அடிப்படைக் காற்று வேகமாக அது பெங்களூருக்கு விநாடிக்கு 33 மீட்டரையும், மும்பைக்கு 44 மீட்டரையும், தில்லிக்கு 47 மீட்டரையும், சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் 50 மீட்டரையும் வகுக்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. எனவே பெங்களூரில் பாதுகாப்பாக நிற்கும் அதே கதவின் மீது கொல்கத்தாவில் இரு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் தாக்கும். ஒரே கதவை எங்கும் கொண்டுபோகலாம். ஒரே நிலையை எங்கும் நட முடியாது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வுண்மை புதியதன்று.

பிரிட்டானியா பாலத்தில் ஸ்டீவன்சன் வைத்த முட்டுக்கு இன்றும் வழித்தோன்றல்கள் உண்டு. எண்ணெய்க் குழாய் வெடித்தால் எண்ணெய் விரைந்து வெளியேறாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் உருளையிலேயே பொருத்தப்படுகின்றன. உயர்ந்த கதவைச் சீர்செய்யும் வேலைக்காக அதன் கீழ் நிற்க நேரின், தனியே எஃகு முட்டுகள் கொடுத்த பின்னரே நிற்கவேண்டும் என்பது பட்டறைகளின் நல்வழக்கம். இவையெல்லாம் நேரத்தை விழுங்குபவை. அவசரக்காரருக்கு வீண் வேலையாகவே தோன்றும். மெனாய் நீரிணையில் அன்றும் அவ்வாறுதான் தோன்றியிருக்கும்.

விமான நிலையங்களிலும் பட்டறைகளிலும் பணிபுரியும் நேயர்கள், இத்தகைய கதவொன்று உயர்வதை அடுத்த முறை காணும்போது, கதவை விட்டுவிட்டு ஒரு கணம் அதன் இருபக்கத் தூண்களையும் மேல்விட்டத்தையும் பார்ப்பாராக. விட்டம் வளைந்திருக்கிறதா, தூணின் அடியில் ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா, பற்றவைப்பில் விரிசல் கண்டிருக்கிறதா என்பவை கண்ணுக்குத் தெரியும் குறிகளே. கண்டதை உடனே உரியவரிடம் சொல்லுதல், அக்கதவின் கீழே நாள்தோறும் நடந்து செல்லும் அத்தனை பேருக்கும் செய்யும் உதவியாகும். நிலைக்கு முதல் மரியாதை செய்த நம் முன்னோர், கதவைத் திறப்பவனை விட அதைத் தாங்குவதன் அருமையை நன்கு அறிந்திருந்தார்கள்.